கால் விரிந்த ஒன்பதாவது குஞ்சு

போன பங்குனியில் எங்கள் வீட்டில் ஒன்பது சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பொரித்தன. எட்டு குஞ்சும் மறுநாளே தொட்டிக்குள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிட, கடைசியாக ஓட்டை உடைத்து வந்த ஒன்று மட்டும் இரண்டு காலையும் ஆளுக்கொரு பக்கம் பரப்பிக்கொண்டு, வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்து, நீச்சல் தெரியாதவன் கிணற்றில் விழுந்த மாதிரி துழாவிக்கொண்டிருந்தது. பதினோராவது நாள் அது நடந்துவிட்டது. நடுவில் என்ன பார்த்தேன், எதைத் தப்பாகக் கட்டினேன், எதைக் கடைசிவரை கவனிக்காமல் விட்டேன் என்பதை ஒரு பழைய நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததால் இப்போது வரிசையாக எழுத முடிகிறது.

குஞ்சுக்குக் கால் வரவில்லை என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எதை வைத்துக் கட்டுவது?" என்பதுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கட்டுவதற்கு முன்னால் எந்த இடத்தில் கோளாறு என்று தொட்டுப் பார்க்காமல் கட்டியதற்கு அதற்கு முந்தின வருடம் ஒரு குஞ்சைப் பலி கொடுத்திருக்கிறேன், அந்தக் கதையும் பின்னால் வரும்.

முட்டைக்குள் இருந்த நாட்கள்

எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். நாலு பெட்டை, ஒரு சேவல், பெரிய பண்ணை எல்லாம் கிடையாது. பதின்மூன்று முட்டையை ஒரு அடைக்கோழிக்கு வைத்தேன். பதினாறாம் நாள் அந்தக் கோழி எழுந்துவிட்டது. அடைக்கூடையில் பேன் ஏறியிருந்தது, கையை விட்டுப் பார்த்தால் முழங்கை வரை ஊர்கிறது, அதுவும் எத்தனை நாள்தான் உட்காரும்? வேறு அடைக்கோழி இல்லாததால் முட்டைகளைத் துடைத்து, வீட்டில் செய்து வைத்திருந்த தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றினேன். இரண்டு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, வெப்பத்தை அளந்து பல்பை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட், ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் வைக்க வேண்டும், வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றை மறந்துவிட்டேன். தெர்மோஸ்டாட் சூடு அதிகமானால் பல்பை அணைக்கும், அவ்வளவுதான், பெட்டியைக் குளிர வைக்கத் தெரியாது. பெட்டி இருந்தது சிமெண்ட் அட்டை போட்ட அறை. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் வெளியே போய்விட்டு ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் பல்பு அணைந்துதான் இருக்கிறது, ஆனால் வெப்பமானி 39.4 காட்டுகிறது. எத்தனை நேரம் அப்படி இருந்ததோ. முட்டைக்குள் இருக்கும்போது வெந்த குஞ்சுக்குக் கால் விரிவதும் விரல் கோணுவதும் அதிகம் வரும் என்று அடைக்கருவி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. உடனே மூடியைத் திறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தேன்.

இருபத்தோராம் நாள் எட்டு குஞ்சு வந்துவிட்டது. ஒன்பதாவது அன்று மத்தியானம் ஓட்டில் ஒரு பொட்டு உடைத்துவிட்டு அப்படியே இருந்தது. அலகு மட்டும் உள்ளே அசைகிறது. உடைத்துவிடலாமா என்று கை பரபரத்தது, ஆனால் உள்தோலில் ரத்த நாளம் வற்றாமல் இருக்கும்போது உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும், மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. எனவே விட்டுவிட்டேன். ஏறக்குறைய இருபது மணி நேரம் கழித்து, மறுநாள் காலை தானே வந்தது. சமையல் தராசில் வைத்தேன், 27 கிராம். அதற்கு முன் வந்தவை எல்லாம் 28 முதல் 30 வரை இருந்தன.

மீதி நாலு முட்டையில் இரண்டு கூமுட்டை. மற்ற இரண்டை உடைத்துப் பார்த்தேன். குஞ்சு முழு வளர்ச்சியோடு உள்ளேயே செத்திருந்தது. அவற்றின் ரோமம் விசித்திரமாக இருந்ததை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "பஞ்சு மாதிரி விரியவில்லை, முடிச்சுப் போட்ட நூல் மாதிரி சுருண்டு கிடக்கிறது." ஈரம் காயாததால் அப்படி இருக்கும் என்று நினைத்துக் குழியில் போட்டு மூடிவிட்டேன். இந்த வழக்கில் துப்பு என்று ஒன்று இருந்தால் அதுதான், அதை மண்ணில் புதைத்துவிட்டு ஒரு வாரம் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

செய்தித்தாள்

காய்ந்த குஞ்சுகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். அடியில் செய்தித்தாள் இரண்டு மடிப்பு. பிராய்லர் பண்ணைகளில் முதல் இரண்டு மூன்று நாள் உமிக்கு மேலே செய்தித்தாள் விரித்து அதன் மேல் தீவனத்தைத் தூவுவார்கள், குஞ்சு உமியைத் தின்னாமல் தீவனத்தைக் கண்டுபிடிக்க. அதைப் பார்த்துத்தான் நானும் விரித்தேன். ஆனால் அங்கே தாளுக்கு அடியில் இரண்டு அங்குல உமி இருக்கிறது, குஞ்சு மிதித்தால் தாள் அமுங்கி மடிந்து நகத்துக்குப் பிடி கொடுக்கும். என் தொட்டியில் தாளுக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக். எண்ணெய் தடவிய தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், அதுதான் நிலைமை.

வலுவான குஞ்சுகள் வழுக்கி வழுக்கிச் சமாளித்துக்கொண்டன. இருபது மணி நேரம் ஓட்டோடு போராடிக் களைத்து வந்ததற்குத் தொடையின் உள்பக்கத் தசையில் காலைச் சேர்த்துப் பிடிக்கிற பலம் இல்லை. ஒரு முறை வழுக்கினால் கால் வெளியே போகும், எழ முயன்றால் இன்னும் வெளியே போகும். பிறந்த குஞ்சின் எலும்பும் மூட்டும் இளசு, இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் அந்த வாக்கிலேயே இறுகிவிடும். அதனால்தான் இதில் முதல் மூன்று நாள் பொன்னான நாள் என்கிறார்கள். ஒரு வாரம் தாண்டியபின் கட்டித் தேறியதும் உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் காலை, தொட்டுப் பார்த்தது

காலை ஆறரைக்குத்தான் பார்த்தேன். இரவு முழுக்க அப்படியே கிடந்திருக்கிறது போல, மார்பில் ரோமம் ஈரமாக ஒட்டியிருந்தது. அம்மாயி திண்ணையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உட்டுரு கண்ணு, அது தேறாது. மிச்சம் எட்டப் பாரு" என்றது. அம்மாயி கோழி வளர்த்த காலத்தில் அப்படித்தான், தாய்க்கோழியின் பின்னால் ஓட முடியாத குஞ்சை மாலைக்குள் காக்கா தூக்கிவிடும்.

முந்தின வருடத்துச் சூடு இருந்ததால் இந்த முறை உடனே கட்டவில்லை, கையில் எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தேன். கோழியின் காலைப் பற்றி ஒரு விஷயம்: பின்பக்கமாக மடிகிறதே, நாம் முட்டி என்று சொல்கிற அந்த மூட்டு, உண்மையில் அதன் கணுக்கால். நிஜ முழங்கால் மேலே ரோமத்துக்குள் மறைந்திருக்கிறது. ஊரில் முட்டி என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த முட்டியின் பின்பக்கத்தை விரல் நுனியால் வருடினால் நடுவில் ஒரு பள்ளமும் அதில் ஒரு நரம்பு மாதிரி கயிறும் தட்டுப்படும், 27 கிராம் குஞ்சில் தையல் நூல் தடிமன்தான் இருக்கும். அது தசைநாண். கிணற்று ராட்டினத்தின் பள்ளத்தில் கயிறு உட்கார்ந்திருப்பது மாதிரி அது அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் குஞ்சுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது. வீக்கம் இல்லை, சூடு இல்லை. அந்தரத்தில் பிடித்தால் இரண்டு காலையும் வயிற்றோடு இழுத்துக்கொண்டது, விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டது. தலை நடுங்கவில்லை. தொப்புள் காய்ந்திருந்தது, வயிறு உப்பவில்லை. தரையில் விட்டால் மட்டும் இரண்டு காலும் இடுப்பிலிருந்தே வெளியே போகின்றன. ஆக, இது கால் விரிதல்தான், கட்டலாம்.

கட்டியது, தப்பாகக் கட்டியது

பேண்ட் எய்டுதான் வசதி. நடுவில் பஞ்சுத் திண்டு இருக்கிறது, அது இரண்டு காலுக்கும் நடுவில் வரவேண்டும், இரண்டு பக்க ஒட்டும் பட்டையையும் ஒவ்வொரு காலையும் சுற்றி அதன் மேலேயே ஒட்டிவிட வேண்டும். நான் பட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டி, ஏழு மணிக்கு முதல் கட்டுப் போட்டேன். முட்டிக்குச் சற்றுக் கீழே, இறுக்கமாக, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர். அவிழ்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் இறுக்கிவிட்டேன். இடைவெளி குறைவு என்பதால் எழுந்து நின்ற மாத்திரத்தில் மூக்கடித்து விழுந்தது. பழகிக்கொள்ளும் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

பதினொரு மணிக்கு வந்து பார்க்கிறேன், ரோஜா நிறத்தில் இருந்த இடது பாதம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருக்கிறது. விரல்கள் உப்பி, தொட்டால் குளிர்ச்சி. ஒட்டும் பட்டையை அப்படியே பிய்த்தால் தோல் கையோடு வரும், எனவே தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஊறவைத்து, மெதுவாக உருவினேன். கால் மணி நேரத்தில் நிறம் திரும்பியது. மாலை வரை கவனிக்காமல் விட்டிருந்தால் கால் விரிந்த குஞ்சைக் கால் இல்லாத குஞ்சாக்கியிருப்பேன். சிலர் தையல் நூலாலும் ரப்பர் பேண்டாலும் கட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், குஞ்சு நாளுக்கு நாள் தடிக்கும், நூல் தடிக்காது.

இரண்டாவது கட்டு: இடம் மாற்றினேன், முட்டிக்கும் பாதத்துக்கும் நடுவில், சற்றுப் பாதத்தை ஒட்டியே. பட்டைக்கும் காலுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை நுழைத்துப் பார்த்தேன், நுழைந்தது. இடைவெளி இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு விட வேண்டும் என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் நன்றாக நிற்கிற உடன்பிறப்பைப் பார்த்தால் போதும், அது எவ்வளவு அகட்டி நிற்கிறதோ அவ்வளவுதான். தொட்டியிலிருந்து செய்தித்தாளை உருவிப் போட்டுவிட்டுத் துவைத்த கோணிச் சாக்கை மடித்து விரித்தேன். உண்மையைச் சொன்னால் கட்டைவிட அந்தச் சாக்குதான் அன்றைக்கு அதிக வேலை செய்தது, எட்டு குஞ்சின் நடையிலும் வித்தியாசம் தெரிந்தது.

கட்டுப் போட்ட குஞ்சுக்குப் புதிய பிரச்சினைகள் வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மல்லாக்க விழுந்தால் திரும்பத் தெரியாது, அப்படியே கிடந்து கத்திக் களைத்துவிடும். பழைய துண்டை முறுக்கி ஒரு சும்மாடு செய்து அதன் நடுவில் உட்காரவைத்தேன், நாலு பக்கமும் முட்டு இருப்பதால் விழவில்லை, காலும் உடம்புக்கு அடியிலேயே இருந்தது. அடுத்தது, மற்ற குஞ்சுகள் அந்தப் பட்டையைக் கொத்த ஆரம்பித்தன. புதிதாகக் காலில் எதைப் பார்த்தாலும் கொத்தும், ரத்தம் ஒரு சொட்டு தெரிந்துவிட்டால் விடவே விடாது. தனியாக வைத்தால் கத்தியே செத்துவிடும் போலிருந்தது, அதனால் தொட்டியின் நடுவில் கம்பி வலை ஒன்றை நிறுத்தி, இந்தப் பக்கம் இதையும் எட்டில் சாதுவான ஒன்றையும் விட்டேன். கத்தல் நின்றது.

முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கருவை வைத்துக் குஞ்சு இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும், இதற்கு அந்தக் கணக்கு முடிகிற நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் அலகின் நுனியை மட்டும் தொட்டு எடுத்தேன், தானே உறிஞ்சி அண்ணாந்து விழுங்கியது. வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெந்த மஞ்சள் கருவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து விரல் நுனியில் வைத்தால் கொத்தியது. முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி வேண்டும். எங்கள் ஊர்ப் பங்குனி மத்தியானத்தில் அறையே ஏறக்குறைய அதைத் தொட்டுவிடுவதால் பகலில் பல்பை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போட்டேன். பல்பைத் தொட்டியின் ஒரு ஓரத்தில் தொங்கவிட்டால் போதும், குளிர்ந்தால் குஞ்சு அதன் கீழே வரும், சுட்டால் தள்ளிப் போகும். நகர முடியாத குஞ்சுக்குத் தள்ளிப் போகத் தெரியாது என்பதால் சும்மாட்டை நேர் கீழே வைக்காமல் பக்கத்தில் வைத்தேன்.

மூன்றாம் நாள் கட்டோடு நின்றது, சாக்கு இழையில் நகத்தை மாட்டிக்கொண்டு. நாலாம் நாள் பட்டையை மாற்றினேன். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்ததும் பத்து எண்ணுவதற்குள் வலது கால் மெல்ல வெளியே நழுவியது, எனவே மறுபடி கட்டி, ஆறாம் நாள் மாலை அவிழ்த்தேன். நின்றது. நாலு எட்டு வைத்து மஞ்சள் கருக் கிண்ணத்தில் மூக்கை விட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏழாம் நாள்

காலையில் பார்த்தால் மறுபடி உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை கால் விரியவில்லை. முட்டியை மடக்கி அதன் மேல் உட்கார்ந்து, நடக்க வேண்டுமென்றால் முட்டியாலேயே தவழ்கிறது. வலது பாதத்தின் விரல்கள் உள்பக்கமாக, கைப்பிடி மூடுகிற மாதிரி சுருண்டிருக்கின்றன. இழுத்து நீட்டினால் நீள்கிறது, விட்டால் சுருள்கிறது. கட்டு நரம்பை நசுக்கிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் முதல் கட்டில் நிறம் மாறியது இடது பாதம், சுருண்டது வலது. இன்னொன்று, வலைக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் கட்டே போடாத எட்டில் ஒன்றுக்கும் விரல் லேசாக உள்ளே வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் இது என் கட்டின் வேலை இல்லை என்று புரிந்தது.

இரண்டையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் குஞ்சை உள்ளங்கையில் வைத்து விரலை ஒருமுறை நீட்டிவிட்டார். நான் கட்டுப் போட்ட கதையை ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தி, "கால் இருக்கட்டுங்க, என்ன தீனி போடறீங்க?" என்றார்.

"குருணைங்க சார். ஊறவெச்சு. மஞ்சக்கரு கொஞ்சம்."

"தாய்க்கோழிக்கு?"

தாய்க்கோழிக்கும் அதேதான். ரேஷன் அரிசியும் குருணையும். மழைக்காலத்தில் கோழி வெளியே மேய்ந்து புல், கீரை, பூச்சி, கரையான் என்று எதையாவது தேடிக்கொள்ளும். மாசி பங்குனியில் எங்கள் காட்டில் பச்சை என்று எதுவும் இல்லை. "உள்ளயே செத்த குஞ்சு எதாவது இருந்துச்சா, ரோமம் எப்படி இருந்துச்சு?" என்று அடுத்துக் கேட்டார். எனக்கு நோட்டில் எழுதிய அந்த வரி ஞாபகம் வந்தது.

பி2 வைட்டமின், அதாவது ரைபோபிளேவின் குறைவு. குஞ்சுத் தீவனம் ஒரு கிலோவில் 3.6 மில்லிகிராம் ரைபோபிளேவின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தீட்டிய அரிசியில் கிலோவுக்கு அரை மில்லிகிராம்தான் இருக்கும். தாய்க்கோழிக்கே இல்லாதது முட்டைக்குள் எங்கிருந்து வரும்? குறைவு அதிகமானால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும், ரோமம் உறையைப் பிளந்து விரியாமல் சுருண்டே இருக்கும். தப்பிப் பொரித்ததற்குக் காலுக்குப் போகிற பெரிய நரம்பு வீங்கிக் கெட்டு, விரல் சுருளும். மஞ்சள் கருவில் பி2 உண்டுதான், ஆனால் நான் கொடுத்த இத்தனூண்டு, அதுவும் அதே கோழியின் முட்டையிலிருந்து எடுத்தது.

மருந்து மிகச் சாதாரணம். இப்படிப்பட்ட குஞ்சுக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் வீதம் இரண்டு நாள் கொடுத்து, அப்புறம் சரியான தீவனத்துக்கு மாற்றினால் போதும். நான் வாங்கிய பி காம்ப்ளக்ஸ் மாத்திரை அட்டையின் பின்னால் பி2 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தது, அதாவது ஒரே மாத்திரை நூறு குஞ்சுக்கு ஒரு நாளைய அளவு. எனவே ஒரு மாத்திரையைப் பொடித்து 100 மில்லி தண்ணீரில் கலக்கினேன், ஒரு மில்லியில் ஒரு நாள் பங்கு வந்துவிடுகிறது. அதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, காலையிலிருந்து மாலைக்குள் ஐந்தாறு தடவையாக அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தேன். வெயில் பட்டால் பி2 கெட்டுவிடும், கலக்கியதை ஜன்னலில் வைக்காமல் மூடி வைத்து, மறுநாள் புதிதாகக் கலக்கினேன். மீதி ஏழு குஞ்சுக்கும் தண்ணீர்த் தட்டில் கொஞ்சம் ஊற்றினேன். அன்று மாலையே குஞ்சுத் தீவனம் வாங்கி வந்து குருணையை நிறுத்தினேன்.

விரலுக்கு ஒரு செருப்பும் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் கோப்பு உறையிலிருந்து குஞ்சின் பாதம் விரிந்தால் எவ்வளவோ அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, முன்விரல் மூன்றையும் விரித்து வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கிற காகித ஒட்டுப்பட்டையை விரல்களுக்கு மேலும் இடையிலும் ஒட்டினேன். ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் இதைச் செய்ய முடியாது. பாப்பா இரண்டு கையிலும் குஞ்சை மூடிப் பிடித்துக்கொண்டாள், தலையை மூடினால் இருட்டு என்று அடங்கிவிடுகிறது. செருப்போடு அது நடந்த நடை, ஈரத் தரையில் பெரிய ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி தப் தப் என்று. எட்டாம் நாள் முட்டியை விட்டு எழுந்தது. பத்தாம் நாள் செருப்பைக் கழற்றினேன், விரல் நேராகவே நின்றது, ஓரத்து விரல் மட்டும் நுனியில் கொஞ்சம் வளைவு. பதினோராம் நாள் வலையை எடுத்தேன். லேசாக வளைந்திருந்த மற்றக் குஞ்சுக்குச் செருப்பே தேவைப்படவில்லை, தண்ணீரும் தீவனமுமே போதுமானதாக இருந்தது. நரம்பு நிரந்தரமாகக் கெட்ட பிறகு என்ன கொடுத்தாலும் திரும்பாது என்றார் டாக்டர், இது ஆரம்பத்திலேயே பிடித்தது.

முந்தின வருடத்துக் குஞ்சு

அதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் வாங்கிய குஞ்சு, இரண்டு வாரம் ஆனபோது ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு கால் மட்டும், அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். கால் விரிந்துவிட்டது என்று நானே முடிவு செய்து ஆறு நாள் கட்டி வைத்தேன். முட்டி தட்டையாகி வீங்கியது, கட்டினதால் வீங்குகிறது என்று நினைத்தேன். உண்மையில் தசைநாண் ராட்டினப் பள்ளத்தை விட்டுப் பக்கத்தில் தாண்டிவிட்டிருந்தது. மாங்கனீசு, கோலின், பயோட்டின் குறைந்தால் அந்த மூட்டின் எலும்பு சரியாக வளராமல் பள்ளம் ஆழமில்லாமல் போய்விடும், நாண் நழுவும். முதல் நாளே காலைப் பின்னால் நீட்டி, விரலால் நாணைத் தள்ளி உள்ளே உட்காரவைத்திருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். நான் அப்போது போட்டுக்கொண்டிருந்தது முட்டைக்கோழித் தீவனம், வீட்டில் மிச்சம் இருந்தது என்பதற்காக. முட்டைக்கோழிக்குக் கால்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல் வேண்டும், குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். கூடுதல் கால்சியமும் பாஸ்பரசும் மாங்கனீசைக் குடலில் ஏறவிடாது. ஆறு நாளும் அது ஒரு காலில் நொண்டி நொண்டிக் கிண்ணத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஏழாம் நாள் வருவதை நிறுத்திவிட்டது. அப்பா எடுத்துக்கொண்டு போனார், நான் போகவில்லை.

அதனால் இப்போது யாராவது குஞ்சின் கால் படத்தை அனுப்பினால் நான் திருப்பிக் கேட்பது: ஒரு காலா இரண்டுமா, எத்தனை நாள் குஞ்சு, முட்டி வீங்கியிருக்கிறதா, என்ன தீனி. பிறந்து இரண்டொரு நாளில், இரண்டு காலும், வீக்கமில்லாமல் என்றால் சாக்கை விரித்துக் கட்டுங்கள். அலகை அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைகிற மூன்று நாலு வாரக் குஞ்சு என்றால் அது வெயிலே படாமல் வளர்ந்து, டி3 வைட்டமினும் கால்சியமும் இல்லாமல் எலும்பு இளகினது, கட்டினால் எலும்புதான் வளையும். தலையும் கழுத்தும் நடுங்கினால், அல்லது ஒன்றரை இரண்டு மாதக் கோழி ஒரு காலை முன்னும் ஒன்றைப் பின்னும் நீட்டிக் கிடந்தால், கோளாறு காலில் இல்லை, நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம். இரண்டாவது சொன்னது பெரும்பாலும் மாரக்ஸ், அதற்கு மருந்து கிடையாது, பொரித்த அன்றே போடுகிற தடுப்பூசிதான். வெள்ளைக்கழிச்சலில் தப்பிய கோழிக்கும் கால் இழுத்துக்கொள்ளும். அங்கெல்லாம் பேண்ட் எய்டை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

பெட்டைகளுக்குத் தீனியை மாற்றியிருக்கிறேன். குருணையோடு கம்பு, கொஞ்சம் தவிடு, தினமும் ஒரு கொத்து முருங்கைக்கீரை கட்டித் தொங்கவிடுகிறேன், அரைமணி நேரத்தில் காம்புதான் மிஞ்சும். தெர்மோகோல் பெட்டி இனிமேல் அடுப்படியில்தான்.

ஒன்பதாவது குஞ்சு சேவலாகிவிட்டது. ஆடியில் எடை போட்டேன், 1 கிலோ 350 கிராம். சுவரில் ஏறுகிறது, மற்றச் சேவலைத் துரத்துகிறது, ஓரத்து விரல் இன்னும் நுனியில் வளைந்துதான் இருக்கிறது. அந்த வளைவு தீனியால் மட்டும் வந்ததா வம்சத்திலும் இருக்கிறதா என்று தெரியாததால் அதை இனத்துக்கு விடப்போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். அம்மாயி அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்படின்னா ஆடி நோம்பிக்கு அதையே புடிச்சிரு கண்ணு, நல்லாத் தேறியிருக்குது" என்றது. பாப்பா அன்றைக்கு முழுவதும் அம்மாயியோடு பேசவில்லை. நோம்பிக்குக் கடையில் கறி எடுத்தோம்.